வாய் அசைந்தது, அவர் பேசவில்லை

அச்சகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காது கேட்காத ஒருத்திக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் நாளே காரணம் புரிந்துவிடும். பைண்டிங் பிரிவில் மடிப்பு இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே யார் காதிலும் விழாது. அவள் மட்டும் அச்சான தாள் பாரங்களை அடுக்கிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள். கோடியில் வெட்டு இயந்திரத்தருகே நின்று மேற்பார்வையாளர் யாரைப் பற்றி யாரிடம் குறை சொன்னார் என்பது மதிய இடைவேளையில் செய்தியாக வந்துவிடும். ரகசியம் பேச வேண்டுமென்றால் அந்தக் கூடத்தில் எல்லோரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

ஒன்பது வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன்பே நன்றாகப் பேசப் பழகியிருந்ததால் பேச்சு தங்கிவிட்டது. குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல், சில நேரம் தேவைக்கு மேல் உரக்க வரும். மற்றவர்கள் சொல்வதை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். அதிலும் பிழை வராமல் இல்லை. ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். “பேப்பர் படிச்சியா?” என்று கணவர் கேட்டால், “அப்பவே மடிச்சு வெச்சுட்டேனே” என்பாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். லென்சுகளைப் பிரேமுக்கு ஏற்றபடி தீட்டிப் பொருத்துவது, வாடிக்கையாளரை எதிரே உட்காரவைத்து இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது, காதில் அழுந்தும் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது, இவைதான் வேலை. தெருவில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவர்கள் சந்தித்ததே அந்தக் கடையில்தான். “கண்ணாடி சரியா இல்லேன்னா எனக்குக் காது கேக்காது. பாத்துச் செய்யுங்க” என்று அவள் கடையே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து பேசினால் அவளுக்குப் புரியாது என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டு, கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை நேராகக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். கண்ணாடி அருமையாக அமைந்தது. ஆனாலும் அடுத்த வாரம் பிரேம் வளைந்துவிட்டது என்று அவள் வந்து நின்றாள். அது தானாக வளையவில்லை என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டாள்.

கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன் ஒரு நாள் மாலை பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவர் தன் வியாதியைப் பற்றிச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் லென்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது போலக் கேட்க ஆரம்பித்தது. வீட்டிலும் கேட்டது, குழாயைத் திறந்தால் தண்ணீரிலும் கேட்டது. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கினார். பல வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவருடைய அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினார். மாத்திரை ஆரம்பித்த பிறகு குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. “அன்னிலேருந்து சாப்பிட்டுட்டு இருக்கேன். இனிமேலும் சாப்பிடணும். யோசிச்சு முடிவு சொல்லு. எனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்டுச்சு” என்றார்.

“எனக்கு இருக்கற சத்தமே கேக்காது. ரெண்டையும் சேர்த்தா சரியாயிடும்” என்றாள் அவள்.

அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஒரு மகள் பிறந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் இரண்டு மாத்திரைகள் போடுவார். ஒன்று குரல்களுக்கு. இன்னொன்று, முதல் மாத்திரையால் கை நடுங்கக்கூடாது என்பதற்காக. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய மருத்துவரின் கிளினிக்குக்குப் போவார். “எப்படி இருக்கீங்க?” “நல்லா இருக்கேன் டாக்டர்.” அதே மாத்திரை எழுதிய சீட்டோடு திரும்பி வருவார். நல்லாத்தான் இருந்தார்.

கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே டீயை வைத்துவிட்டு, “என்ன சொன்னீங்க?” என்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“ஏதோ சொன்னீங்க. வா வான்னு வந்துச்சு.”

“வாவா? யாரை?” என்று சிரித்துவிட்டு அவர் மறுபடி செய்தித்தாளில் மூழ்கினார். அவள் நின்று பார்த்தாள். உதடுகள் குவிந்து விரிந்தன. மறுபடி குவிந்தன. உள்ளே நாக்கு ஒரு பக்கக் கன்னத்தை முட்டிவிட்டுப் போனது. ஏதோ மெல்லுகிறாரோ என்று பார்த்தால் வாயில் ஒன்றும் இல்லை.

அடுத்த சில வாரங்களில் அது அடிக்கடி வந்தது. மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. வெற்றுவாயை மெல்லும் மனிதர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவளுக்கு அவர் வாய்தான் அவர் குரல். அந்த வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தால், யாரோ காதருகே இடைவிடாமல் முணுமுணுப்பது போல இருந்தது. அவர் உண்மையாகவே பேசும்போதும் நடுவில் தேவையில்லாத அசைவுகள் புகுந்து வாக்கியத்தைக் குலைத்தன. “நாளைக்கு லேட்டா வருவேன்” என்றால் நடுவில் ஒரு ‘மாமா’ வந்து விழும். எந்த மாமா என்று அவள் கேட்பாள். அவர் விழிப்பார்.

கேலியாக இருந்தது பயமாக மாற அதிக நாள் ஆகவில்லை. வியாதி வந்த காலத்தில் தம்பி தனியாக உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பான் என்று நாத்தனார் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அவர் மதியம் சாய்வு நாற்காலியில் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தூக்கத்தில் வாய் அசையாமல் கிடந்தது. விழித்ததும் ஆரம்பித்துவிட்டது. அப்படியென்றால் விழித்திருக்கும்போது யாரோ அவரிடம் பேசுகிறார்கள், இவர் பதில் சொல்கிறார். அவள் மனம் இப்படித்தான் கணக்குப் போட்டது.

“அந்தக் குரலெல்லாம் திரும்பக் கேக்குதா?” என்று ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். “இல்லம்மா. சத்தியமா இல்ல. ஏன்?”

“வாய்க்குள்ளயே பேசறீங்களே.”

“நானா?”

அதுதான் அவளை அதிகம் கலங்கடித்தது. தன் வாய் அசைவது அவருக்கே தெரியவில்லை. மகள் வீடியோவில் கூப்பிட்டபோது, “அப்பா, முதல்ல வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசுங்க” என்றாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவள் நாத்தனாரிடம் போய்ச் சொன்னாள். தானியக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். தம்பி விஷயம் என்றால் மூட்டை சரிந்ததைப் பார்த்தவர் போலப் பாய்ந்து வருவார். அன்று மாலையே இருவரையும் பழைய மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். கிளினிக்கில் உட்கார இடமில்லை. உள்ளே போனதும் தம்பியைப் பேசவிடாமல், “தனியா பேச ஆரம்பிச்சுட்டான் டாக்டர். பழையபடி வந்துடுமோன்னு பயமா இருக்கு” என்று நாத்தனாரே சொல்லி முடித்துவிட்டார். மருத்துவருக்கும் வயதாகிவிட்டது. வெளியே கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்.

இரண்டு மூன்று வாரத்தில் வாய் அசைவது குறைந்துவிட்டது. நாத்தனார், “பாத்தியா, அளவு பத்தாமதான் இருந்திருக்கு” என்று நிம்மதியாக ஊரெல்லாம் போன் பண்ணினார். அவளுக்கு அந்த நிம்மதி நிலைக்கவில்லை. கணவரின் முகமே இறுகிப்போனது. நடக்கும்போது கைகள் வீசவில்லை. சிரிப்பு வந்தாலும் கண்ணோடு நின்றது. பேசும்போது உதடு பிரியவே இல்லை. முன்பு அவர் வாயில் வேண்டாத சொற்கள் இருந்தன. இப்போது வேண்டிய சொல்கூட இல்லை. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியிருந்தது. “விடு, ஒண்ணுமில்ல” என்று அவர் கைகாட்ட ஆரம்பித்தார். அவளுக்கு அந்தக் கைகாட்டலைப் போல வலித்தது வேறொன்றும் இல்லை.

கோடை முடியும் நேரத்தில் அசைவு திரும்பி வந்தது. இந்த முறை நாக்கு வெளியே நீண்டது. கன்னம் உப்பி வடிந்தது, கண்கள் படபடவென்று சிமிட்டின. பல்லில் உரசி உரசி நாக்கின் ஓரம் புண்ணானது. டீ குடித்தால் சட்டையில் சிந்தியது. இப்போது அவருக்கே தெரிந்தது. நிறுத்த முயன்றால் ஒரு நிமிடம் நின்றது. கவனம் வேறு பக்கம் போனதும் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளருக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. அளவுகோலை அவர்கள் மூக்கின்மேல் பிடித்துக்கொண்டு, கண்ணோடு கண் பார்க்கவேண்டும். ஒரு நாள் ஒரு பெண்மணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்னைப் பாத்து நாக்கை நீட்டறார், நீங்க பாத்துட்டு சும்மா நிக்கறீங்க?” என்று முதலாளியிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. கடையைப் பூட்டும் நேரத்தில் அவரை உட்காரவைத்து, “கொஞ்ச நாளைக்கு உள்ளே தீட்டற மேஜையில இருங்களேன். வெளியே வேற ஆளைப் பாத்துக்கச் சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

“தப்பா எடுத்துக்க என்ன இருக்கு” என்றார் கண்ணாடிக்காரர். மறுநாளிலிருந்து ஜன்னல் இல்லாத உள்ளறையில், சுவரைப் பார்த்தபடி லென்ஸ் தீட்டினார்.

அந்த வாரம்தான் அவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். அளவு கூட்டிய பிறகுதான் இவ்வளவும் வந்தது, எனவே விட்டுவிட்டால் போய்விடும் என்பது அவர் நினைப்பு. போகவில்லை. வாயோடு விரல்களும் சேர்ந்துகொண்டன. மடியில் கிடக்கும் கை, கண்ணுக்குத் தெரியாத ஆர்மோனியத்தை வாசிப்பது போல ஆடியது. தூக்கம் போனது. கொஞ்ச நாளில் வீட்டுக்குள் நடக்கும்போது ஜன்னலோரமாக நிற்க ஆரம்பித்தார். திரைச்சீலையை இழுத்து மூடினார். மூடிய பிறகு ஓரத்தை விலக்கிப் பார்த்தார்.

அவள் குப்பைக் கூடையைக் காலி செய்யும்போது, கசக்கிய காகிதத்துக்குள் மாத்திரைகள் இருப்பதைப் பார்த்தாள். கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அவர் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். மாத்திரையைப் பற்றிக் கேட்பதற்குள் அவரே திரும்பி, அவள் தோளைப் பிடித்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாய் குழம்பாமல் இருக்கப் பாடுபட்டு, மெதுவாகச் சொன்னார்.

“எதிர் மாடியில ரெண்டு பேர் நிக்கறாங்க. என்னைப் பத்தித்தான் பேசறாங்க. எனக்குக் கேக்குது. நீ பாத்துச் சொல்லு.”

எதிர்க் கட்டிடத்தின் பால்கனியில் இரண்டு பெண்கள் துணி உலர்த்திக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் அவருக்கு எதுவும் கேட்க வழியில்லை. அவளுக்கோ வெயில் அவர்கள் முகத்தில் நேராக விழுந்ததால் பக்கத்தில் நிற்பது போலத் தெரிந்தது. அவர் தீட்டிக் கொடுத்த கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“தண்ணி மோட்டர் கெட்டுப்போச்சாம்” என்றாள். “ரிப்பேர் பண்ண வந்தவன் பாதியில போயிட்டானாம். மேல் வீட்டுக்காரர் பங்கு குடுக்க மாட்டேங்கறாராம்.”

“அப்புறம்?”

“அந்தப் பச்சைப் பொடவை, தன் மாமியாருக்கு முட்டி வலின்னு சொல்லுது. இன்னொருத்தி, எங்க மாமியாருக்கு வாய் வலிச்சா தேவலைன்னு சொல்றா.”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது தானாக வந்த அசைவு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

பிறகு பச்சைப் புடவைக்காரி தற்செயலாக இந்த ஜன்னலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். அதை விட்டுவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் இத்தனை வருடத்தில் அவள் அவருக்கு எதையும் மாற்றிச் சொன்னதில்லை. இப்போது மாற்றிச் சொல்லி, அது அவருக்குத் தெரிந்தால், இந்த உலகத்தில் அவர் நம்புவதற்கு ஆளே இருக்காது.

“இப்ப உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னா” என்றாள்.

அவர் கை அவள் தோளில் இறுகியது. “என்ன?”

“‘எதிர் வீட்டுக் கண்ணாடிக்காரருக்கு வாய் என்னமோ ஆகுதே, பாவம்’னு சொன்னா. இன்னொருத்தி ஆமாம்னா. அவ்வளவுதான். திரும்ப மோட்டருக்குப் போயிட்டாங்க.”

“அவ்வளவுதானா? கொல்றதப் பத்தி...”

“இல்ல. அப்படி ஒரு வார்த்தை அந்த ரெண்டு வாயிலயும் வரல. நான் கண்ணெடுக்காம பாத்துட்டுதான் இருக்கேன்.”

அவர் வெகுநேரம் எதிர் மாடியைப் பார்த்தார். பெண்கள் காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் ஜன்னலை விட்டு விலகி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்குக் கேட்டுதே” என்றார், குழந்தை போல.

“கேட்டிருக்கும். உங்க காதுக்குக் கேட்டுது. அவங்க வாயில இல்ல.” அவள் உள்ளங்கையைத் திறந்து மாத்திரைகளைக் காட்டினாள். “இதை நிறுத்தினா வாய் நின்னுடும்னு நினைச்சீங்க, இல்லியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா உனக்குப் புரியலையே. நான் பேசறது எதுவுமே உனக்குப் புரியலையே” என்றார். அந்த வாக்கியம் மட்டும் அவளுக்கு ஒரு எழுத்துகூடக் குழம்பாமல் புரிந்தது.

மறுநாள் காலையில் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு மூவரும் நகரத்தின் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். மனநலப் பிரிவில் வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வரும்வரை எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முதியவருக்குத் தாடை பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது. ஒரு இளம்பெண் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். இது தன் வீட்டுக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை என்று முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது.

உள்ளே இருந்தவர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் மருத்துவர். முகக்கவசம் போட்டிருந்தார். “டாக்டர், உங்க வாய் தெரிஞ்சாத்தான் எனக்குக் காது கேக்கும்” என்று அவள் தன் உரத்த குரலில் சொன்னதும், அவர் கவசத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

நாத்தனார் வழக்கம்போல முந்திக்கொண்டு ஆரம்பித்தார். மருத்துவர் கையை உயர்த்தி, “ஒரு நிமிஷம்மா. முதல்ல இவரைப் பாத்துடறேன்” என்றார். பிறகு கேள்வி எதுவும் கேட்காமல் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, கைகளை முட்டியில் வைத்து உட்காரச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அது நிற்காமல் உள்ளே ஓடியது. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லிவிட்டு, விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். எழுந்து நடக்கச் சொன்னார். இத்தனை வருடத்தில் தன்னைத் தவிர வேறொருவர் அவர் வாயை இவ்வளவு கூர்ந்து பார்ப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“தூங்கும்போது இது இருக்குமா?” என்று மருத்துவர் அவளிடம் கேட்டார்.

“இருக்காது. வாய் அப்படியே அடங்கிக் கிடக்கும்.”

மருத்துவர் தலையசைத்தார். “இது இவரோட பழைய வியாதி திரும்பி வந்ததால இல்ல. இவர் தனியா பேசவும் இல்ல. அந்த வியாதிக்குச் சாப்பிட்ட மாத்திரையால வந்தது. ரொம்ப வருஷம் சாப்பிடறவங்கள்ல சில பேருக்கு இப்படி வரும். உடம்போட அசைவைக் கட்டுப்படுத்தற இடமும் மூளையிலதான் இருக்கு. மாத்திரை அங்கயும் போய் வேலை செய்யும். பல வருஷம் ஆனதும் அந்த இடம் மாறிப்போய், நாம சொல்லாமலே அசைவை அனுப்பிட்டு இருக்கும். அளவைக் கூட்டினா கொஞ்ச நாளைக்கு அமுங்கும். அப்புறம் இன்னும் பலமா வரும்.”

“அப்ப நிறுத்தினது சரிதானே?” என்றார் கண்ணாடிக்காரர்.

“அதுவும் சரியில்ல. திடீர்னு நிறுத்தினா இந்த அசைவும் கூடும், பழைய குரலும் வரும். வந்துச்சா?”

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு, “வந்துச்சு” என்றார்.

நாத்தனார் மேஜைப் பக்கம் சாய்ந்தார். “நான்தான் டாக்டர் இவன் கையைப் பிடிச்சு மாத்திரை குடுத்தேன். சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சான். அதட்டிக் குடுத்தேன். நானே கெடுத்துட்டேனா?”

“இல்லம்மா” என்றார் மருத்துவர். “அந்த மாத்திரை இல்லேன்னா இவர் வேலைக்குப் போயிருக்க மாட்டார். கல்யாணம் பண்ணியிருக்க மாட்டார். அன்னிக்கு நீங்க செஞ்சதுல தப்பே இல்ல. ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது யாராவது இவரை உக்கார வெச்சு நாக்கைப் பாத்திருக்கணும். ஆரம்பத்துலயே பிடிச்சிருந்தா சுலபமா இருந்திருக்கும். அந்த வேலை எங்களுடையது. உங்களுடையது இல்ல.”

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி அவர் முதுகில் கை வைத்தார்.

வழி ஒன்று இருந்தது. ஆனால் அது நீளமானது. பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதே நேரத்தில் இந்தத் தொல்லை குறைவாக வரக்கூடிய வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். கை நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை இந்த அசைவை அதிகமாக்கும், அதையும் மெல்ல விடவேண்டும். அசைவைத் தணிக்க ஒரு தனி மருந்து. “முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார் மருத்துவர். “குறையும். எவ்வளவு குறையும்னு போகப் போகத்தான் தெரியும். நடுவுல குரல் கேட்டா மறைக்காம சொல்லணும்.”

“நான் மறைச்சாலும் இவ கண்டுபிடிச்சுடுவா” என்றார் அவர்.

அந்த வருடம் எளிதாகப் போகவில்லை. மருந்து மாறும் காலத்தில் சில வாரங்கள் அவர் பகலெல்லாம் தூங்கினார். உடம்பு பருத்தது. சட்டைகள் சேராமல் போயின. ஒரு முறை குரல்கள் எட்டிப் பார்த்தன. அவரே அவளிடம் சொன்னார், மருத்துவமனைக்குப் போய் அளவைச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். குளிர்காலத்துக்குள் நாக்கு வெளியே வருவது நின்றது. விரல்கள் அடங்கின. உதடு குவிவதும் கண் சிமிட்டுவதும் முன்பிருந்ததில் பாதியாகக் குறைந்து, அங்கேயே நின்றுவிட்டன. மருத்துவர் இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இதுதான் மிச்சம் என்று கண்ணாடிக்காரருக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது.

கடையில் ஒரு நாள் அவர் உள்ளறையிலிருந்து எழுந்து முதலாளியிடம் வந்தார். “நான் வெளியே உக்காரறேன். வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றார். முதலாளி தயங்கினார். பிறகு, “சரி, பாப்போம்” என்றார். அன்று முதல் யார் வந்து எதிரே உட்கார்ந்தாலும் அளவுகோலை எடுப்பதற்கு முன், “ஒரு மருந்தால என் வாய் தானா ஆடும். உங்களைப் பாத்து ஆடலை. கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்பார். பெரும்பாலோர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் எழுந்து வேறு கடைக்குப் போனார். ஒரு பெரியவர், “என் பொண்டாட்டிக்கும் இப்படித்தாங்க. நாங்க வயசாயிட்டதாலன்னு நினைச்சுட்டு இருக்கோம்” என்று தன் கண்ணை அளப்பதை மறந்து பேச ஆரம்பித்தார். மருத்துவமனையில் எந்த அறை, எந்தக் கிழமை என்று கண்ணாடிக்காரர் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில்தான் சிக்கல் தீரவில்லை. மிச்சமிருந்த பாதி அசைவே அவள் படிப்பதைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது. நாள் முழுக்க அச்சகத்தில் பலர் வாயைப் பார்த்துவிட்டு, மாலையில் அந்த ஒரு வாயோடு மல்லுக்கட்ட அவள் கண்களுக்குத் தெம்பு இல்லை. காது கேளாதோர் சங்கத்தில் சைகை மொழி வகுப்பு நடப்பதாக மகள்தான் போனில் தேடிச் சொன்னாள். “சின்ன வயசுல எங்கம்மா அதைக் கத்துக்க விடல. ஊமைன்னு நினைப்பாங்கன்னு பயம்” என்று அவள் கணவரிடம் சொன்னாள். “இப்ப என்ன நினைச்சா நமக்கென்ன. வா” என்றார் அவர்.

இருவரும் சனிக்கிழமைதோறும் போனார்கள். வகுப்பில் வயதில் மூத்தவர்கள் அவர்கள்தான். அவர் கெட்டிக்கார மாணவர் இல்லை. லென்ஸ் தீட்டிப் பழகிய விரல்கள் எல்லாவற்றையும் சின்னதாக, நுணுக்கமாகச் செய்தன. ஆசிரியை, “பெரிசா, பெரிசா” என்று கையை விரித்துக் காட்டுவார். களைத்துப்போன நாட்களில் விரல்கள் லேசாக ஆடும். அப்போது அவர் சைகை தந்தியடிப்பது போல இருக்கும். “கொன்னை வாய் தெரியும், இது கொன்னைக் கை” என்று அவள் கேலி செய்வாள். அவளும் பேசிக்கொண்டே சைகை செய்வதை விட முடியாமல், இரண்டும் ஒன்றோடொன்று முட்டி, பாதி வாக்கியத்தில் நிற்பாள். ஆனால் சில மாதங்களில் சாப்பாட்டு மேஜையில் பேச்சு திரும்பி வந்தது. அவர் வாய் ஒரு பக்கம் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அவள் அதைப் பார்க்கவே மாட்டாள். கையைப் பார்ப்பாள்.

போன மாதம் நாத்தனாரைப் பார்த்துவிட்டு இருவரும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உட்கார இடம் எதிரெதிர் வரிசையில் தனித்தனியாகத்தான் கிடைத்தது. நடுவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பழைய ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று அவர் கையால் கேட்டார். இந்த மருந்து சாப்பிட்டுக்கொண்டு ஸ்கூட்டரா, புத்தி இருக்கிறதா என்று அவள் கையால் கேட்டாள். டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டுவேன் என்றார் அவர். டாக்டரைக் கேட்கிறவர் முதலில் என்னைக் கேட்கவேண்டும் என்றாள் அவள். இப்போது உன்னைத்தானே கேட்கிறேன் என்றார். அவள் முழங்கை இடித்து நடுவில் நின்றவரின் பை நழுவியது. பேருந்தில் பாதிப் பேர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கும் இடம் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வீடு வரையில் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள்.